ஒவ்வொரு க்ராஷுக்கும் ஒவ்வொரு காரணம் காட்டும் விண்டோஸ்: ரேம் போய்விட்டதா, போர்டா?

#1 மன்னை_ஸ்டூடியோ

வணக்கம். மன்னார்குடியில் சின்ன போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் உண்டு. ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்த நேரம் பார்த்து, ஆல்பம் டிசைன் பண்ணும் மெஷின் படுத்த ஆரம்பித்துவிட்டது.

மெஷின் விவரம்: ரைசன் 5 3600, பி450 போர்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, போட்டோ வைக்க 4 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 11. முதலில் 8 ஜிபி ரேம் இரண்டு போட்டு 16 ஜிபியாக ஓடியது (டிடிஆர்4, 3200). ஆல்பம் ஃபைல்கள் பெருத்துக்கொண்டே போனதால், தெரிந்தவர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் இன்னும் இரண்டு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். அது வேறு கம்பெனி. இப்போது மொத்தம் 32.

பிரச்சினை இதுதான். வேலை நடுவில் திரை நீலமாகி ரீஸ்டார்ட் ஆகிறது. ஒரு முறை "மெமரி மேனேஜ்மென்ட்" என்கிறது. அடுத்த முறை "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா". அதற்கடுத்து "ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்". சில நேரம் நீலத் திரையே வராமல் ஃபோட்டோஷாப் மட்டும் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது, பிரவுசரில் டேப் தானாகச் செத்துவிடுகிறது.

ஊர் டெக்னீஷியன் விண்டோஸை ஃபார்மட் அடித்துக் கொடுத்தார். கொஞ்ச நாள் அடங்கியிருந்தது, மறுபடி அதே கதை. "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்கிறார் இப்போது. விண்டோஸிலேயே இருக்கிற மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டினேன். எரர் இல்லை என்று வந்தது. அப்படியானால் ரேம் நன்றாகத்தான் இருக்கிறது, போர்டுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா? காசைப் போடுவதற்கு முன் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

#2 பொதிகை77

கிராபிக்ஸ் டிரைவர். பத்துக்கு எட்டு பேருக்கு இதேதான். டிடியூ என்ற டூலைப் போட்டு பழைய டிரைவரைச் சுத்தமாக வழித்துவிட்டு புதிதாகப் போடுங்கள். போர்டெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

#3 ரிச்சி_தெரு_மெக்கானிக்

அண்ணே, மொதல்ல ரேமைக் கழட்டி, கோல்டு பின்னு இருக்கிற பக்கம் ஸ்கூல் ரப்பர் வெச்சு லேசா தேய்ச்சு, தொடைச்சு மாட்டுங்க. பாதி கேஸு அதுலயே முடிஞ்சிரும். உங்க ஊரு ஈரக் காத்து வேற.

ரெண்டாவது, எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எத்தனை வாட்டு, என்ன வயசு? மூணாவது, கேபினெட்டைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதா? இழுத்தா எர்த் இல்லைன்னு அர்த்தம். எர்த் இல்லாம ஓட்டுனா என்னென்ன போகும்னு சொல்லவே முடியாது.

#4 சிலிக்கான்_சித்தர்

இழையைத் தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில்: இல்லை. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் எரர் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் ஓட்டியது ஸ்டாண்டர்டு டெஸ்ட் என்றால் இன்னும் மோசம். தொடங்கும்போது எஃப்1 அழுத்தினால் எக்ஸ்டெண்டெட் என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலானோர் அதைப் பார்த்ததே கிடையாது. அதுகூட, சூடானால் மட்டும் தவறுகிற ரேமையோ, குறிப்பிட்ட பேட்டர்னுக்கு மட்டும் தவறுகிற ரேமையோ தவறவிடும்.

க்ராஷின் பெயர் மாறிக்கொண்டே இருப்பதே ஒரு தடயம். ஒரு டிரைவர் கெட்டிருந்தால் அது பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே பெயரில் விழும். டம்பைத் (விழும்போது விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவை) திறந்தால் அதே ஃபைல் திரும்பத் திரும்ப வரும். ரேமில் ஒரு செல் கெட்டிருந்தால், அந்த நேரம் அந்த இடத்தில் எது உட்கார்ந்திருக்கிறதோ அது அடி வாங்கும். விண்டோஸின் பேஜ் டேபிள் (எது ரேமில் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்) உட்கார்ந்திருந்தால் மெமரி மேனேஜ்மென்ட். டிரைவர் வைத்திருந்த பாயிண்டர் (ரேம் முகவரி) என்றால் ஐஆர்க்யூஎல். பிரவுசர் என்றால் டேப் சாவு. உங்கள் போட்டோ என்றால்... அதற்கு அப்புறம் வருகிறேன்.

ரப்பர் விஷயத்தில் மெக்கானிக் சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். கழற்றி மாட்டுவதே பல நேரம் வேலை செய்யும். ஆனால் அந்தத் தங்க முலாம் மிக மெல்லியது, ரப்பர் அதைத் தேய்த்து எடுக்கும், தூளும் ஸ்லாட்டில் விழும். மெடிக்கல் ஷாப்பில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். பஞ்சு நூல் விடும், அதனால் மெல்லிய துணியில் தொட்டுத் துடையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ப்ளூஸ்க்ரீன்வியூ என்ற இலவச டூலில் திறந்து, ஒவ்வொரு க்ராஷுக்கும் ஸ்டாப் கோடும் நான்கு பாராமீட்டரும் இங்கே போடுங்கள்.

#5 மன்னை_ஸ்டூடியோ

எஸ்எம்பிஎஸ் 550 வாட்ஸ், மெஷினோடு வாங்கியது. கேபினெட்டைத் தொட்டால் இழுக்கத்தான் செய்கிறது, வெறும் காலில் இருந்தால் நன்றாகவே தெரியும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்.

மினிடம்ப்பில் இருந்ததில் சில:

ஸ்டாப் கோடு 1ஏ. முதல் பாராமீட்டர் 41792. மூன்றாவது 10000000. நான்காவது 0.
ஸ்டாப் கோடு 50. காரணம் என்று விண்டோஸின் கெர்னல் ஃபைலையே காட்டுகிறது.
ஸ்டாப் கோடு ஏ. அதற்கும் கெர்னல் ஃபைல்தான்.
மறுபடி 1ஏ, 41792. மூன்றாவது அதே 10000000.
ஸ்டாப் கோடு 3பி. இதில் மட்டும் கிராபிக்ஸ் டிரைவர் பெயர் வருகிறது.

#6 சிலிக்கான்_சித்தர்

இது போதும், மிகவும் போதும்.

1ஏ என்பது மெமரி மேனேஜ்மென்ட். அதில் முதல் பாராமீட்டர் 41792 என்றால், பேஜ் டேபிளில் ஒரு பதிவு கெட்டுப்போயிருப்பதை விண்டோஸ் கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். மூன்றாவதும் நான்காவதும் கெட்டுப்போன அந்தப் பதிவில் இருந்த மதிப்பு. அந்த இடம் காலியாக, முழுக்க 0 ஆக இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு இருப்பது 10000000. இது பதினாறடிமான எண். பைனரியில் விரித்துப் பார்த்தால் 64 பிட்டில் ஒரே ஒரு பிட் 1 ஆகியிருக்கிறது, மிச்சம் 63-ம் 0 ஆகவே இருக்கின்றன. அதுவும் இரண்டு வேறு க்ராஷில் அதே பிட்.

இந்த ஒரு பிட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை வேறு ஓர் இடத்தில் இதையே பார்த்தால் கேஸ் முடிந்தது.

#7 பொதிகை77

சித்தரே, ஒரு கேள்வி. டிரைவர் கோளாறாலும் மெமரி கெடும் அல்லவா? கெர்னலில் ஓடுகிற எந்த டிரைவரும் அடுத்தவன் இடத்தில் போய் எழுதலாம். 3பி-யில் கிராபிக்ஸ் டிரைவர் பெயரே வந்திருக்கிறது. டிரைவர்களைச் சோதிக்கும் டிரைவர் வெரிஃபையரைப் போட்டுப் பார்த்துவிடலாமே.

#8 சிலிக்கான்_சித்தர்

நியாயமான கேள்வி. டிரைவர் தாறுமாறாக எழுதினால் பெரும்பாலும் பைட் கணக்கில் எழுதும்: நான்கு பைட், எட்டு பைட், சில நேரம் ஒரு பக்கம் முழுக்க. ஒரு பிட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போவது அபூர்வம். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், ஃபிளாக் பிட்டைத் தவறான முகவரியில் ஏற்றிவிடும் டிரைவர் உண்டு. அதனால்தான் விண்டோஸே இல்லாத இடத்தில் சோதிக்க வேண்டும் என்கிறேன். அங்கே டிரைவரே கிடையாது, பழி போட ஆளும் கிடையாது.

டம்பில் பெயர் வந்தவன் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விழுந்து கிடப்பவன் பெயரைத்தான் டம்ப் சொல்லும், தள்ளிவிட்டவன் பெயரை அல்ல.

டிரைவர் வெரிஃபையர் இப்போது வேண்டாம். ரேம் சந்தேகம் தீராமல் அதைப் போட்டால் விண்டோஸ் பூட் ஆகும்போதே விழுந்து விழுந்து எழும், சேஃப் மோடில் போய் எடுத்துவிட வேண்டியிருக்கும். சீசன் நேரத்தில் அந்தத் தலைவலி அவருக்கு எதற்கு?

#9 யாழ்_கணினியன்

வணக்கம். சித்தர் சொன்ன மாதிரி விண்டோஸ் இல்லாமல் ரேமைச் சோதிக்கிறதுக்கு மெம்டெஸ்ட் இருக்குது; அதை எப்பிடி ஓட்டுறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, நான் சொல்லிவிடுறன்.

இரண்டு இருக்குது. மெம்டெஸ்ட்86 எண்டது ஒரு கம்பெனி வெளியிடுறது, இலவசப் பதிப்பும் இருக்குது, அதிலை நாலு பாஸ் (முழுச் சுற்று) மட்டும்தான் ஓடும். மெம்டெஸ்ட்86+ எண்டது திறந்த மூலம், நிப்பாட்டும் வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். முந்தி அது புது போர்டுகளிலை, யூஈஎஃப்ஐ உள்ளதிலை, ஓடாது. 2022-இலை வந்த 6-ஆம் பதிப்பிலை இருந்து ஓடுது. இரண்டுக்கும் மூலம் ஒண்டுதான், 1990-களிலை எழுதினது. எது கிடைச்சாலும் சரி.

ஒரு பென் டிரைவிலை எழுதி, அதிலை இருந்து பூட் பண்ணுங்கோ. பென் டிரைவிலை இருக்கிறதெல்லாம் அழிஞ்சு போகும், முதல்லையே எடுத்து வையுங்கோ. 32 ஜிபி எண்டால் மணித்தியாலக் கணக்காகும். இரவு படுக்கப் போகேக்கை போட்டுவிட்டு விடிய எழும்பிப் பாருங்கோ. கரண்ட் போற இடமெண்டால் யூபிஎஸ் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளுங்கோ. முதல் பாஸ் சுத்தமா வந்தவுடனை சந்தோஷத்திலை நிப்பாட்டிப் போடாதேங்கோ.

இன்னொண்டு: ஒரேயொரு எரர் வந்தாலும் அது எரர்தான். "32 ஜிபியிலை ஒண்டுதானே" எண்டு விட ஏலாது.

#10 மன்னை_ஸ்டூடியோ

போட்டுவிட்டேன். முதல் பாஸ் பச்சையாகத்தான் போனது. விடியற்காலை எழுந்து பார்த்தால் திரையில் சிவப்பு. 7-ஆம் டெஸ்டிலும் 8-ஆம் டெஸ்டிலும் எரர். ரிப்போர்ட்டில் "எரர் பிட் மாஸ்க்" என்று ஒரு வரி: 10000000.

சித்தர் சொன்ன அதே எண்! உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த செகண்ட் ஹேண்ட் ரேமைத் தூக்கிப் போட்டுவிடட்டுமா?

#11 பொதிகை77

சரி, டிரைவர் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். செகண்ட் ஹேண்டில் ரேம் வாங்கினால் இதுதான் கதி. கொடுத்தவரிடம் காசைத் திருப்பிக் கேளுங்கள்.

#12 சிலிக்கான்_சித்தர்

பொறுங்கள், பொறுங்கள். யாரிடமும் காசு கேட்க வேண்டாம். நான்கு ரேமில் எது என்று இன்னும் தெரியாது. ரேமா என்பதுகூட முழுதாக முடிவாகவில்லை. ஸ்லாட், பிராசசரில் இருக்கும் மெமரி கன்ட்ரோலர், வோல்டேஜ், எக்ஸ்எம்பி (ரேமை அதன் மேல் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) எல்லாம் இன்னும் வரிசையில் நிற்கின்றன.

முதலில் எக்ஸ்எம்பி. உங்கள் கிட்டின் மேல் 3200 என்று போட்டிருந்தாலும், போர்டு தானாக 2133-லோ 2400-லோதான் ஓட்டும். பயாஸில் எக்ஸ்எம்பி போட்டால்தான் 3200, வோல்டேஜும் 1.2-லிருந்து 1.35 ஆகும். ஒரு வகையில் அது ஓவர்கிளாக்தான். அதுவும் உங்கள் 3600-க்கு 3200 என்று ஏஎம்டி சொல்வது இரண்டு ஸ்லாட்டில் ரேம் இருக்கும்போது. நான்கு ஸ்லாட்டிலும் போட்டால் சிங்கிள் ரேங்க் (சிப்புகள் ஒரே தொகுதியாக உள்ள) ரேமுக்கு 2933, டூயல் ரேங்க் (இரண்டு தொகுதி) என்றால் 2667 என்று இறங்கிவிடும். நீங்கள் இரண்டு கம்பெனி ரேமை நான்கு ஸ்லாட்டிலும் போட்டு 3200-ல் ஓட்டினால், நான்கு ரேமும் நல்லதாக இருந்தே எரர் வரலாம்.

ஆகவே இந்த வரிசையில் போங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்:

நான்கிலும் மார்க்கரால் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். பழையது 1, 2. வாங்கியது 3, 4. பயாஸில் எக்ஸ்எம்பியை எடுத்துவிட்டு டிஃபால்ட்டில் வையுங்கள். 3, 4 மட்டும் போட்டு ஓர் இரவு. 1, 2 மட்டும் போட்டு ஓர் இரவு. எந்த ஜோடியில் எரரோ அதைப் பிரித்து ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில். பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் ஜோடி போடும் ஸ்லாட்டுகள், போர்டின் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். எரர் காட்டும் ரேமை வேறு ஸ்லாட்டில் மாற்றியும் ஒரு முறை ஓட்டுங்கள். எரர் ரேமோடு கூடவே போனால் ரேம். ஸ்லாட்டிலேயே நின்றுவிட்டால் உங்கள் டெக்னீஷியன் சொன்னது சரி.

கழற்றும்போது ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச சார்ஜை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள். சோதிக்கும் வரை அந்த மெஷினில் வேலை பார்க்காதீர்கள். இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

#13 ரிச்சி_தெரு_மெக்கானிக்

சித்தர் சொல்ற முறைதான் சரி, ஆனா கடையில உக்காந்து இப்படி ராத்திரி ராத்திரியா பாக்க எங்களுக்கு நேரம் கெடையாது. கஸ்டமர் வாசல்லயே நிப்பான். எங்ககிட்ட நல்ல ரேம்னு தெரிஞ்ச ஜோடி ஒண்ணு எப்பவும் இருக்கும். அத மாட்டி ரெண்டு நாள் ஓட்டச் சொல்லிருவோம். விழலைன்னா ரேமு. அவ்ளோதான். ஃபார்மட் அடிக்கறது கடைசியா இருக்கணும், எல்லாரும் அதத்தான் மொதல்ல அடிக்கறாங்க.

#14 மன்னை_ஸ்டூடியோ

இடையில் ஒரு கல்யாணம், அதனால் தாமதம். சோதனை முடிந்தது.

3, 4 (செகண்ட் ஹேண்ட்): சுத்தம். எக்ஸ்எம்பி போட்டும் சுத்தம்.
1, 2 (பழையது): எரர். எக்ஸ்எம்பி இல்லாமலும் எரர், எண்ணிக்கை மட்டும் குறைவு.
1 தனியாக: சுத்தம்.
2 தனியாக: எரர். ஸ்லாட் மாற்றினாலும் எரர். மாஸ்க் அதே 10000000.

நான் புதிதாக வாங்கி, பெட்டியைப் பிரித்துப் போட்ட ரேம்தான் கெட்டிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் தங்கமாக இருக்கிறது. பொதிகை சார், காசைத் திருப்பிக் கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

ஆனால் ஒன்று புரியவில்லை. 2-ஆம் ரேம் முன்பே கெட்டிருந்தால், 16 ஜிபியாக ஓடியபோது ஏன் க்ராஷ் ஆகவில்லை? 32 ஆக்கிய பிறகுதானே இத்தனை ஆட்டம்?

#15 சிலிக்கான்_சித்தர்

இரண்டு விதமாகவும் நடந்திருக்கலாம். புதிய ரேமைப் போடும்போது பழையதைக் கழற்றி மாட்டியிருப்பீர்கள். அப்போது ஸ்டாட்டிக் பட்டுச் செத்திருக்கலாம். உங்கள் வீட்டு எர்த் நிலவரத்தைக் கேட்டால் அதற்கும் வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று, அது முன்பே கெட்டிருந்து உங்களுக்குத் தெரியாமல் இருந்தது. ரேம் எண்ணிக்கை மாறினால் முகவரிகள் பரவும் முறையும் மாறும். முன்பு அந்தக் கெட்ட செல் விழுந்த முகவரியில் பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் உட்கார்ந்திருக்கலாம், இப்போது விண்டோஸின் சொந்தச் சாமான் உட்காருகிறது. விண்டோஸ் தன் சாமான் கெட்டால் கத்தும். உங்கள் சாமான் கெட்டால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. சாதாரண ரேமில் பிட் மாறியதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடே கிடையாது, அதனால் ஈவென்ட் வியூவரில் தேடினாலும் ஒரு வரி இருக்காது.

க்ராஷ் உங்களுக்கு நல்லது செய்திருக்கிறது என்றே சொல்வேன். பழைய ஆல்பங்களின் ஜேபெக் ஃபைல்களைத் திறந்து பார்த்தீர்களா? நான் முதலில் "அப்புறம் வருகிறேன்" என்று விட்டது இதைத்தான்.

#16 கோடம்பாக்கம்_எடிட்டர்

படம் திறக்கும், ஆனால் பாதிக்குக் கீழே நிறம் மாறியிருக்கும், அல்லது ஒரு பட்டை முழுக்க சாம்பலாக இருக்கும், அல்லது முகம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். அதைத் தேடுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்றுதான் எழுதப்பட்டிருக்கும், அதுவும் நீளம் மாறுகிற குறியீட்டில். நடுவில் ஒரு பிட் புரண்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாம் சரிந்துவிடும். வீடியோவில் இதே கோளாறு வந்தால் அடுத்த கீ ஃப்ரேம் வரை கட்டம் கட்டமாக உடையும்.

தம்ப்நெயிலை நம்ப வேண்டாம். ஃபைலுக்குள் தனியாகச் சின்னப் படம் ஒன்று இருக்கும், அது நன்றாகவே தெரியும். முழு அளவில் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஜேபெக்இன்ஃபோ என்ற டூல் ஃபோல்டர் முழுக்கச் சரிபார்க்கும். எல்லாச் சேதத்தையும் அது பிடித்துவிடாது, ஆனாலும் உடைந்ததில் நிறையப் பிடிக்கும்.

#17 மன்னை_ஸ்டூடியோ

இருக்கிறது.

சித்திரையில் எடுத்த ஒரு கல்யாணம். அதாவது 32 ஜிபி ஆக்குவதற்கு முன்பு. தாலி கட்டுகிற வரிசையில் ஒரு படத்தில் கீழ்ப்பாதி பச்சையாக இருக்கிறது. வேறு சில ஃபோல்டர்களிலும் இருக்கின்றன, பெரும்பாலும் கும்பலாக எடுத்த மேடைப் படங்கள், போனால் போகட்டும். தாலி படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஃப்ரேம்கள் நன்றாக இருக்கின்றன, ஆல்பத்திலும் அவைதான் போயிருக்கின்றன. வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் இருக்கிறதே என்று பார்த்தேன். அதிலும் அதே பச்சை.

#18 கோடம்பாக்கம்_எடிட்டர்

அதில் அப்படித்தான் இருக்கும். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குக் காப்பி ஆகும்போது ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகத்தான் போகிறது. அங்கே புரண்டதைத்தான் பேக்கப்பும் விசுவாசமாகப் பிரதி எடுத்திருக்கிறது. மெமரி கார்டை ஃபார்மட் செய்யாமல் இருந்தால் அசல் கிடைக்கும்.

எங்கள் எடிட்டிங் ரூமில் ஷூட் முடிந்து கார்டு வந்தால் செக்சம் (ஃபைலில் இருப்பதிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டுத்தான் காப்பி எடுப்போம். அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம்: விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கமாண்டில் ஹாஷ்ஃபைல், ஃபைல் பெயர், கடைசியில் எஸ்எச்ஏ256 என்று போட்டால் அந்த ஃபைலுக்கு எஸ்எச்ஏ256 எண் தரும். கார்டில் இருக்கும் ஃபைலுக்கும் டிஸ்கில் விழுந்த ஃபைலுக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஃபைலுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். பெரிய ஜிப் ஃபைலை விரிக்கும்போது ஒரு தடவை சிஆர்சி (சரிபார்ப்பு எண்) எரர் வந்து மறு தடவை வராமல் இருப்பதும் அதே ஜாதிதான்.

ஒரு எச்சரிக்கை. காப்பி எடுத்த கையோடு ஹாஷ் போட்டால் விண்டோஸ் டிஸ்கிலிருந்து படிக்காமல் ரேமில் வைத்திருக்கும் கேஷிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போடுங்கள். ரீஸ்டார்ட், ஷட்டவுன் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும் மெஷினில் ஷட்டவுன் செய்தால் கெர்னலை டிஸ்கில் எழுதி வைத்து மறுநாள் அதையே எடுத்து ஓட்டும்.

#19 சிங்கை_வாசி

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2003-ல் பெல்ஜியம் தேர்தலில், பிரஸ்ஸல்ஸ் பக்கம் ஸ்கார்பேக் என்ற இடத்தில், ஒரு வேட்பாளருக்கு வந்திருக்கவே முடியாத அளவு ஓட்டு விழுந்திருந்தது. எண்ணிப் பார்த்தால் சரியாக 4096 ஓட்டு அதிகம். 4096 என்பது இரண்டின் 12-ஆம் அடுக்கு, அதாவது ஒரே ஒரு பிட். மென்பொருளில் பிழை எதுவும் அகப்படவில்லை. காஸ்மிக் கதிர் பட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் நடைமுறையில் காஸ்மிக் கதிரைவிட கெட்டுப்போன ரேம்தான் அதிகம். கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் சுமார் 8 சதவீத ரேம்கள் எரர் காட்டின. ஒருமுறை காட்டியதே திரும்பத் திரும்பக் காட்டியது. அந்த சர்வர்களில் இசிசி ரேம் (பிட் புரண்டால் கண்டுபிடித்துத் திருத்தும் ரேம்) இருந்ததால்தான் அவர்களால் எண்ணவே முடிந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இதைப் பற்றித்தான் கொதித்து எழுதினார்: சாதாரண டெஸ்க்டாப்பில் இசிசி இல்லாமல் போனதற்கு இன்டெல்தான் காரணம் என்று.

உங்கள் 3600 இசிசி ரேமைத் தாங்கும், போர்டும் தாங்க வேண்டும். அடுத்த மெஷின் வாங்கும்போது யோசியுங்கள். டிடிஆர்5-ல் ஏற்கெனவே இசிசி இருக்கிறது என்று கடையில் சொல்வார்கள். அது சிப்புக்குள்ளே மட்டும் நடப்பது. சிப்பிலிருந்து பிராசசர் வரும் வழியை அது காக்காது.

#20 உபுண்டு_வாசி

லினக்ஸ் போடுங்கள் என்று நான் சொல்வேன் என எல்லோரும் காத்திருப்பீர்கள். சொல்லவில்லை. கெட்ட ரேமில் லினக்ஸும் விழும். 90-களில் கெர்னலை கம்பைல் செய்யும்போது ஜிசிசி (கம்பைலர்) சிக்னல் 11 என்று கத்திக்கொண்டு நடுவில் செத்தால், மறுபடி ஓட்டும்போது வேறு இடத்தில் செத்தால், "ரேமைப் பார்" என்பதுதான் முதல் பதில். அதற்கென்றே தனிக் கேள்வி-பதில் பக்கம் இருந்தது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. கெட்டது ஒரே ஓர் இடம்தானே? லினக்ஸை பூட் செய்யும் கிரப்பில் மெம்மேப் என்ற ஆப்ஷன் போட்டு அந்த முகவரியை மட்டும் ஒதுக்கிவிடலாம். விண்டோஸிலும் பிசிடிஎடிட் என்ற கமாண்டில் பேட்மெமரிலிஸ்ட் என்று இருக்கிறது. 8 ஜிபியை ஏன் தூக்கி எறிய வேண்டும்?

#21 சிலிக்கான்_சித்தர்

வீட்டில் படம் பார்க்கிற மெஷின் என்றால் செய்யுங்கள், ரசித்தும் செய்யுங்கள். ரேமைக் கழற்றவே முடியாத லேப்டாப்புக்கு அது ஒரு வரம். அடுத்தவர் கல்யாணம் இருக்கிற மெஷினில் செய்யக் கூடாது. ஒரு செல் போன சிப்பில் அடுத்த செல் எப்போது போகும் என்று யார் கண்டது?

#22 ரிச்சி_தெரு_மெக்கானிக்

அண்ணே, தூக்கியும் போடாதீங்க, மெம்மேப்பும் வேணாம். பெரும்பாலும் நல்ல கம்பெனி ரேமுக்கு லைஃப்டைம் வாரண்டி இருக்கும். பில்லைத் தேடி எடுங்க. கிட்டா வாங்குனதுன்னா ரெண்டையும் சேர்த்துக் கேப்பாங்க, நல்லதை வெச்சுக்கிட்டுக் கெட்டதை மட்டும் அனுப்பாதீங்க. ஸ்டிக்கரைக் கிழிச்சிராதீங்க, சீரியல் நம்பர் அதுலதான். மார்க்கர்ல எழுதுனீங்கல்ல, அதத் தொடைச்சிட்டுக் குடுங்க! மெம்டெஸ்ட் சிவப்புத் திரைய போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, சர்வீஸ் சென்டர்ல பேச்சு கம்மியாகும்.

#23 மன்னை_ஸ்டூடியோ

தாமதமான பதில், மன்னியுங்கள். எல்லோருக்கும் நன்றி.

பில் அகப்பட்டது, வீட்டுக்காரம்மா கரண்ட் பில்லோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். ஜோடியை வாரண்டிக்குக் கொடுத்துவிட்டேன், புது ஜோடி வந்துவிட்டது. மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மெஷினில் போட்டேன். நான்கும் இருக்கும்போது 2933-ல் வைத்திருக்கிறேன், ஆல்பம் வேலையில் வித்தியாசமே தெரியவில்லை. க்ராஷ் நின்றுவிட்டது. கேபினெட்டுக்கு எர்த் போட்டாயிற்று.

விண்டோஸை இன்னொரு தடவை ஃபார்மட் அடிக்க வேண்டுமா? கெட்ட ரேம் இருந்தபோதுதானே முந்தைய ஃபார்மட் நடந்தது.

#24 சிலிக்கான்_சித்தர்

அடிப்பது நல்லது. நேரமில்லை என்றால் டிஐஎஸ்எம்மில் ரெஸ்டோர்ஹெல்த், அதன் பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ், இந்த வரிசையில் ஓட்டுங்கள். விண்டோஸின் சொந்த ஃபைல்களில் உடைந்ததை அவை சரிசெய்யும். ஃபோட்டோஷாப்பை அவை தொடாது, அதை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். லைட்ரூம் வைத்திருந்தால் கேட்டலாக் பேக்கப் எடுக்கும் பெட்டியில் இன்டெக்ரிட்டி டெஸ்ட் என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டுவிட்டு எடுங்கள்.

#25 வண்டலூர்_மாணவன்

அண்ணன்களே, எனக்கும் இதே மாதிரி. லேப்டாப், ரேம் போர்டிலேயே சால்டர் பண்ணியது. ஆனால் எனக்கு நீலம் இல்லை, கருப்புத் திரை வருகிறது. எப்போதும் வீயா அன்கரெக்டபிள் எரர் (ஹார்ட்வேர் எரர்), ஸ்டாப் கோடு 124 மட்டும்தான். கேம் ஆடும்போது மட்டும். மெம்டெஸ்ட் போடவா?

#26 யாழ்_கணினியன்

தம்பி, கருப்பெண்டால் பயப்பிடாதேங்கோ, 2025-இலை மைக்ரோசாஃப்ட்தான் நீலத்தைக் கருப்பாக்கினது. உங்கடை கதை வேறை. ஒவ்வொரு முறையும் 124 எண்டால் பிராசசர், சூடு, பவர் பக்கம் முதல்லை பார்க்கோணும். கேம் ஆடேக்கை வெப்பம் எத்தினை டிகிரி போகுது எண்டு குறிச்சுக்கொண்டு, லேப்டாப் மாடலும் போட்டு, புது இழை திறவுங்கோ. அங்கை கதைப்பம்.